நம்மவர் போகக் கூடாத வீடு

கலியாணசுந்தரம் ஒரு பழைய இயந்திரத்தோடு மலாக்காவுக்கு வந்தவர். தூத்துக்குடியில் ஒரு கம்பெனி விற்ற ஐஸ் இயந்திரத்தை, மலாக்கா ஆற்றங்கரையில் ஆலை வைத்திருந்த சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்பார்கள் இங்கே, வாங்கினார். அதைக் கழற்றிக் கப்பலேற்றி, இங்கே மறுபடி பூட்டி, இரண்டு வருஷம் பழுதில்லாமல் ஓட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அதை ஓட்டத் தெரிந்தவர் அந்தக் கம்பெனியில் இவர் ஒருவர்தான். ஆகவே ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் இயந்திரமும் அவரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள்.

இயந்திரம் மூன்று வாரத்தில் இடத்துக்குப் பழகிவிட்டது. அவருக்குத்தான் பழகவில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் முதலில் தங்கினார். மூட்டைப்பூச்சி. விடுதிக்காரனிடம் சொன்னால், அவன் மெத்தையைத் திருப்பிப் போட்டுவிட்டு இப்போது சரியாகிவிட்டது என்றான். சாப்பிடப் போன கடையில் இலையைப் போட்டு, அவர் உட்கார்ந்து முடிப்பதற்குள் சோற்றைக் கொட்டிவிட்டு, மோர் வருவதற்கு முன் இலையை எடுத்துவிட்டார்கள். தையல்காரர் கால்சட்டையைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்திவிட்டு, மழை அதிகமான ஊர், இதுதான் வசதி என்றார். முடி வெட்டப் போன இடத்தில் காதோரம் ஒரு கீறல். வேறொருவர் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு எழுதியிருப்பார். கலியாணசுந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் அவர் சொன்னால் கேட்க ஆள் இருந்தது. இங்கே கோபத்தைச் சொல்லப் பாஷைகூட இல்லை. அவருக்குத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும்தான் தெரியும். ஊர் முழுக்க மலாய்.

வேலை முடிந்த பிறகு ஓர் இடத்தில் உட்கார அவரால் முடியாது. ஆற்றங்கரையிலிருந்து காஜா பெராங் சாலை வரை நடப்பார், திரும்பி நடப்பார். அம்மோனியா நெடி சட்டையில் ஒட்டியிருக்கும். நாயொன்று முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும்.

ஐம்பத்தேழு சித்திரையில், காஜா பெராங் சாலையோரம் இருந்த தமிழர் வாசகசாலையின் செயலாளர் கருணாகரன் அவருக்கு ஓர் அறை பார்த்துக் கொடுத்தார். கருணாகரன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பஸ் கம்பெனி ஒன்றில் நேரக் காப்பாளர். அறை இருந்தது கம்போங் செட்டி என்ற செட்டி மக்கள் குடியிருப்பில், மீனாச்சி என்ற விதவை அம்மாளின் வீட்டில்.

வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே சாமி அறை, நெற்றியில் திருநீறு. நம்ம வீடு மாதிரியே இருக்கிறது என்று கலியாணசுந்தரம் சந்தோஷமாக, "வணக்கம்மா, நான் திருநெல்வேலிப் பக்கம்" என்று தொடங்கினார். சாரோங்கும் கெபாயாவும் உடுத்தியிருந்த அந்த அம்மாள் சிரித்த முகமாக மலாயில் பதில் சொன்னார்.

"அவுங்களுக்குத் தமிழ் வராது சார்," என்றார் கருணாகரன். "சாமி பேரு தெரியும், சொந்தக்காரங்கள கூப்பிடுற மொறெ தெரியும். மத்ததெல்லாம் மலாய்தான். செட்டிங்க இங்க பல தலெமொறெயா இருக்காங்க லா."

"நான் சுத்த சைவம்னு சொல்லிடுங்க. மீன் கூடாது, கறி கூடாது, முட்டை கூடாது."

கருணாகரன் சொன்னார். மீனாச்சி அம்மாள் தலையை ஆட்டினார். "சாயோர் சாஜா," என்றார். காய்கறி மட்டும்தான்.

இரண்டரை மாதம் நன்றாகத்தான் போனது. கங்கோங் கீரை, கத்தரிக்காய், புடலங்காய், தேங்காய்ப்பால் குழம்பு. ஏதோ ஒரு வாசனை எல்லாவற்றிலும் மெல்ல இருந்தது. இந்த ஊர்த் தண்ணீரின் வாசனை என்று அவர் நினைத்துக்கொண்டார். சொல்லப் போனால், ருசியாகவே இருந்தது. இரண்டாம் தடவை கீரை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நாள்களும் உண்டு. மனைவி கோகிலாவுக்கு இந்த விலாசத்தையே கொடுத்து, மார்கழியில் கப்பலேறி வந்தால் போதும், அதற்குள் தனிவீடு பார்க்கிறேன் என்று எழுதினார்.

ஆடி மாதம் பிறந்த அன்று, ஆலையில் கூட வேலை செய்யும் ஒருவன் அவருடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்து, "ஆ, பெலாச்சான்! வாசனையே தூக்குது," என்றான்.

"அது என்ன?"

"கூனி இறால் சார். அரைச்சு வெயில்ல காயவெச்சு கட்டி கட்டியா செய்வாங்க."

கலியாணசுந்தரம் பின்னால் போய் வாந்தி எடுத்தார். அப்படியே வீட்டுக்கு நடந்தார். மீனாச்சி அம்மாள் முன்னால் நின்று, எழுபத்தைந்து நாளாகத் தனக்குள் போன இறாலை எல்லாம் சேர்த்துக் கத்தினார். தமிழில் கத்தினார். அந்த அம்மாளுக்குப் புரிந்தது குரல் மட்டும்தான். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மாள் ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஈக்கான் தாக் அடா. டாகிங் தாக் அடா." மீன் இல்லை, கறி இல்லை. அது இவர் காதில் ஏறவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை.

காஜா பெராங் சாலையில் சைக்கிள் கடை ஒன்றின் மேல்மாடியில் இடம் கிடைத்தது. கீழே காலையிலிருந்து சாயங்காலம் வரை சுத்தியல் சத்தம். ஜன்னல் பக்கம் ஒழுகும். ஆனால் யாரும் சமைத்துப் போட மாட்டார்கள். அவரே பம்ப் அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டார்.

மறுவாரம் அவர் வாசகசாலையின் தட்டச்சில் உட்கார்ந்து ஒரு தாள் அடித்தார். ‘மலாக்காவுக்குப் புதிதாக வரும் நம்மவர் போகக் கூடாத இடங்கள்’ என்று தலைப்பு. விடுதி, சாப்பாட்டுக் கடை, தையல்காரர், முடிதிருத்தும் கடை எல்லாம் அதில் வந்தன. மூன்றாவது எண்ணில், ‘கம்போங் செட்டியில் மீனாச்சி என்பவர் வீடு. சைவம் என்று சொல்லி இறால் போடுவார்கள். சுத்தமும் கிடையாது’ என்று எழுதினார்.

கடைசி வார்த்தைகளை அடிக்கும்போது அவர் விரல் கொஞ்சம் நின்றது. அந்த வீட்டில் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவருக்கே தெரியும். இருந்தாலும் அடித்தார். ஒரு பிரதியைப் பலகையில் குத்தினார். மீதியைச் சிரம்பானிலும் சிங்கப்பூரிலும் இருந்த தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்பினார். தாள் கையைவிட்டுப் போனதும் மனம் அடங்கும் என்று நினைத்தார். அடங்கவில்லை. அன்றும் ஆற்றங்கரைக்கும் காஜா பெராங்குக்கும் இடையே மூன்று தடவை நடந்தார்.

இரண்டு வாரம் கழித்து, ஆலைக் கேட்டில் காவல் நின்ற பஞ்சாபி ஜாகா அவரிடம், ஒரு செட்டி அம்மாள் வந்து மெக்கானிக்கைக் கேட்டதாகச் சொன்னார்.

சண்டைக்கு வந்திருக்கிறாள், தாளைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும் என்று கலியாணசுந்தரம் முடிவு செய்தார். தவுக்கே முன்னால் மானம் போய்விடும். "அந்த அம்மா வந்தா உள்ள விடாதே. அப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னு சொல்லு," என்று பாதி இங்கிலீஷிலும் பாதி சைகையிலும் சொன்னார். அடுத்த வாரமும் அம்மாள் வந்ததாகவும் தான் துரத்திவிட்டதாகவும் ஜாகா பெருமையாகச் சொன்னார். கலியாணசுந்தரம் அவருக்கு ஒரு சிகரெட் கொடுத்தார்.

ஊரே அப்போது ஒரு நிலையில் இல்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் மெர்டேக்கா, சுதந்திர நாள். சாலைகளில் மூங்கில் வளைவு கட்டினார்கள். வாசகசாலையில் யாரும் பத்திரிகை படிக்கவில்லை. பிரஜா உரிமைக்கு மனுப் போடலாமா, இந்தியாவுக்கே போய்விடலாமா என்று விவாதம் செய்தார்கள். வெள்ளைக்காரத் துரைகள் போன பிறகு ஒப்பந்தங்கள் செல்லுமா என்று ஒருவர் கேட்டார். தவுக்கேயிடம் இதைக் கேட்கலாம் என்று கலியாணசுந்தரம் இரண்டு முறை போய், வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினார். வீட்டிலிருந்து ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. புது விலாசத்தை எழுதியிருந்தார். அது போய்ச் சேர்ந்து பதில் வர நேரமாகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், கருணாகரன் வாசகசாலைக்குள் வந்ததும் வராததுமாக அவரைப் பிடித்தார்.

"மெக்கானிக் சார், உங்க மூணாம் நம்பர் வீட்டுல ஒரு பொம்பள வந்து இறங்கியிருக்காங்களாம். இந்தியாவுலேர்ந்து. காய்ச்சலா படுத்திருக்காங்கன்னு சுக்கு வாங்க வந்தப்ப மீனாச்சி அம்மா கடெயில சொல்லியிருக்கு."

"யாராம்?"

"தெரியல. நர்ஸா இருக்கும், இல்ல பள்ளிக்கூட டீச்சரா இருக்கும். இப்பதான் நெறெய பேரு வராங்களே."

கலியாணசுந்தரம் எழுந்துவிட்டார். இதற்காகத்தானே அந்தத் தாளை எழுதினார். யாரோ ஒரு பெண், பாஷை தெரியாமல், நோயோடு, இறால் கலந்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடக்கிறாள். பலகையில் குத்தியிருந்த தாளைப் பிய்த்துச் சட்டைப் பையில் மடித்து வைத்தார்.

"வாங்க போவோம். நீங்க மலாய்ல பேசுங்க, நான் அந்தம்மாகிட்ட பேசுதேன். நம்ம ஆள் ஒருத்தரைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியாது."

"இப்பவே போகணுமா சார்? சூசா பண்ணாதீங்க. பிரச்சனெயாயிடும்."

"இப்பவே."

ஐந்து நிமிஷ நடை. கம்போங் செட்டியின் குறுகலான வழியில் ஈரக் களிமண் மணத்தது. அந்த வீட்டு வாசலில் நின்றபோது அவருக்கு முதலில் கண்ணில் பட்டது வழித்துத் துடைத்த முன் வராந்தாதான். சுத்தமும் கிடையாது என்று எழுதிய தாள் பையில் உறுத்தியது.

மீனாச்சி அம்மாள் வெளியே வந்தார். அவரைக் கண்டதும் அம்மாளின் முகம் ஒருமாதிரி ஆனது. கோபம் என்று சொல்ல முடியாது. வெகு நாளாகத் தேடிய பொருள் காலடியிலேயே கிடந்தால் வரும் எரிச்சல் அது. வாயைத் திறக்கப் போனார். கலியாணசுந்தரம் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, பாதி மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்து, மேடையில் பேசுகிறவர் போலக் குரலை எடுத்தார்.

"அம்மா, உங்களுக்கு என்னைத் தெரியாது. நானும் ஊர்லேர்ந்து வந்தவன்தான். நீங்க புதுசு. இந்த வீட்டைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு வந்திருக்கேன். இது நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஏத்த இடம் இல்ல. உங்களுக்கு வேற இடம் பாத்துத் தர நாங்க..."

"உள்ள வாங்க," என்றது அறைக்குள்ளிருந்து ஒரு குரல்.

அந்தக் குரலைக் கேட்டுப் பத்து மாதமாகியிருந்தது. கதவைத் தள்ளினார். அவர் படுத்திருந்த அதே கட்டிலில், கழுத்து வரை ஒரு பாத்திக் துணியைப் போர்த்திக்கொண்டு, தலையணையில் சாய்ந்திருந்தாள் கோகிலா. முகம் பாதியாகியிருந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது.

"கோகிலா?"

"இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருக்கலாமே," என்றாள் அவள். "எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருந்திருப்பேன்."

கலியாணசுந்தரம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "மார்கழியிலதானே... எப்ப வந்தே? யாரு கூட்டிட்டு வந்தா?"

கோகிலா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். அனுமதிப் பத்திரம் எதிர்பார்த்ததைவிட முன்னால் வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு அது செல்லுமோ செல்லாதோ என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலில் ஓர் இடம் இருந்தது. உடனே கடிதம் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏறிவிட்டாள். கப்பலில் ஏழு நாளும் தலை தூக்க முடியவில்லை. போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கிச் சாயங்காலம் வரை பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"வாரவுக போறவுகளை எல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு சட்டையும் உங்க சட்டை மாதிரியே இருந்துச்சு."

கப்பலில் உடன் வந்த ஒரு குடும்பம் அவளைச் சிரம்பான் வரை கூட்டிப் போய், மறுநாள் மலாக்கா பஸ்ஸில் ஏற்றிவிட்டது. கையில் இருந்தது ஒரே ஒரு விலாசம். திரிஷா சைக்கிள்வண்டி ஓட்டியிடம் நீட்டினாள். அவன் இந்த வாசலில் கொண்டுவந்து இறக்கினான்.

"எத்தனை நாளாச்சு?"

"நாலு."

நாலு நாளும் அவர் இந்த வீட்டுக்கு ஐந்து நிமிஷ தூரத்தில் இருந்தார். தினமும் முக்குவரை வந்து திரும்பியிருக்கிறார்.

"ஆலைக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாமே!"

கோகிலா தலையைத் திருப்பினாள். வெளியே பார்த்தாள். வாசலில் மீனாச்சி அம்மாள் கருணாகரனிடம் தாழ்ந்த குரலில், நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். கருணாகரனின் தலை குனிந்துகொண்டே போனது. பிறகு அவர் உள்ளே வந்து, கலியாணசுந்தரத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சார், அந்தம்மா ஆலெக்கு நாலு வாட்டி வந்தாங்களாம். உங்கள தேட அவுங்களுக்கு தெரிஞ்ச எடம் அது ஒண்ணுதான். மொத ரெண்டு வாட்டி உங்க சம்சாரம் போட்ட கடிதாசிய குடுக்க. அப்பறம் ரெண்டு வாட்டி, இவுங்க எழுதிக் குடுத்த சீட்டோட. ஜாகா கையாலகூட தொடலயாம். அப்படி ஒரு ஆளே இங்க இல்ல, போன்னு வெரட்டிட்டானாம். கடெசி வாட்டி தடியெ காட்டுனானாம்."

மீனாச்சி அம்மாள் பிரிக்கப்படாத கடித உறையைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். அவர் பெயர், கோகிலாவின் சாய்ந்த கையெழுத்து. ஓரம் மழையில் நனைந்து காய்ந்திருந்தது.

கலியாணசுந்தரம் அதை எடுக்கவில்லை. ஜாகாவுக்குக் கொடுத்த சிகரெட்தான் ஞாபகத்துக்கு வந்தது. உட்காரலாம் என்று பார்த்தார். உட்கார மனம் வரவில்லை. ஜன்னலுக்குப் போனார், திரும்பினார்.

"நான்தான் சொன்னேன்," என்றார் கடைசியில். "ஜாகாகிட்ட. விடாதேன்னு நான்தான் சொன்னேன்."

"ஏன்?" என்றாள் கோகிலா.

அவர் பெலாச்சான் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது சின்னதாகிக்கொண்டு போனது. இரண்டரை மாதம், இறால், தெரியாமலே சாப்பிட்டது, வாந்தி. கோகிலா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் முதல் நாள் அந்த வாசனை வந்துச்சு. என்னன்னு புரியல. மெதுவாச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போனேன். அம்மில என்ன இருக்குன்னு பாத்தேன். ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டினேன், அவுக பேரு சொன்னாக. அந்தக் கட்டியைக் காட்டி, வேண்டாம்னு கையை ஆட்டினேன். அவ்வளவுதான். வேற சட்டி எடுத்து வச்சிட்டாக. அன்னையிலேர்ந்து எனக்குத் தனிக் கஞ்சி, தனி ரசம். ராத்திரி பூராவும் தலைமாட்டுல இருந்து நெத்தியில துணி போட்டாக. ஒரு வார்த்தை எனக்கும் புரியல, அவுகளுக்கும் புரியல." தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தாள். "ரெண்டரை மாசம் இருந்தீகளே, ஒரு தடவையாவது அடுப்படிக்குள்ள எட்டிப் பாத்தீகளா?"

பார்க்கவில்லை. தட்டு அறைக்கு வரும். சாப்பிட்டு வெளியே வைப்பார். அந்த வீட்டுக்கு அடுப்படி எந்தப் பக்கம் என்றுகூட அவருக்கு உறுதியாகத் தெரியாது.

"அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கீக?" என்று கேட்டாள். பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது தாள். வாசலில் அவர் பேசியதை அவள் முழுக்கக் கேட்டிருந்தாள்.

கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்தார். கோகிலா வாசித்தாள். மூன்றாம் எண்ணில் அவள் விரல் நின்றது.

"சுத்தமும் கிடையாதா?"

அவர் துடைத்த தரையைப் பார்த்தார்.

"இது எங்க எங்க போயிருக்கு?"

"சிரம்பான். சிங்கப்பூர்."

அப்போது கருணாகரன் தயங்கித் தயங்கி இன்னொன்றைச் சொன்னார். போன மாதக் கடைசியில் சிரம்பானிலிருந்து மாற்றலாகி வரும் ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் மீனாச்சி அம்மாளின் அறையைப் பேசி வைத்திருந்தார்கள். பிறகு வரவில்லை. ஏன் என்று அம்மாளுக்கு இன்றுவரை தெரியாது. தன் கைராசி சரியில்லை என்று நினைத்துக் கோயிலில் விளக்குப் போட்டாராம். "நானும் இப்பதான் கணக்கு போட்டுப் பாக்குறேன் சார். அந்த வாத்தியாருக்கு உங்க தாளு கெடெச்சிருக்கும்."

"அவுககிட்ட சொல்லுங்க," என்றாள் கோகிலா கருணாகரனிடம்.

"என்னான்னும்மா?"

"இதுல இருக்கிறதை அப்படியே சொல்லுங்க. அவுக வீட்டைப் பத்தி எழுதினது அவுகளுக்குத் தெரிய வேண்டாமா?"

கலியாணசுந்தரம் தடுக்கவில்லை. கருணாகரன் வியர்த்துக்கொண்டே மலாயில் சொன்னார். மீனாச்சி அம்மாள் முழுவதையும் கேட்டார். தாளை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்துகளைச் சிறிது நேரம் பார்த்தார். தன் பெயர் எது என்று கேட்டார். கருணாகரன் தொட்டுக் காட்டினார். அம்மாள் அந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கலியாணசுந்தரத்தை நேராகப் பார்த்து, சத்தம் போடாமல் சொன்னார்.

"டியா போலே. லூ தாக் போலே."

கருணாகரன் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. ஒரு விரல் கோகிலாவைக் காட்டியது, இன்னொரு கை வாசலைக் காட்டியது. அவள் இருக்கலாம். நீ கூடாது.

"கோகிலா, கிளம்பு. சைக்கிள் கடை மாடியில இடம் இருக்கு," என்றார். சொல்லும்போதே ஒழுகும் ஜன்னலும் சுத்தியல் சத்தமும் கண்ணுக்குள் வந்தன.

"நான் வரல," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "என்னால நடக்க முடியாது. நடக்க முடிஞ்சாலும், நாலு நாளா என்னைப் பாத்துக்கிட்டவுகளை விட்டுட்டு, அவுகளைப் பத்தி இப்படி எழுதினவுக பின்னால உடனே எப்படி வருவேன்? நீங்க போயி முதல்ல எழுதினதைச் சரிபண்ணுங்க."

அவர் வெளியே வந்தார். கால் தானாக ஆற்றங்கரைப் பக்கம் திரும்பியது. பாதி வழியில் நின்று, வாசகசாலைக்குத் திரும்பினார். தட்டச்சில் தாளைச் செருகினார். ‘மூன்றாம் எண்ணில் எழுதியது தவறு’ என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. இறால் கலந்திருந்தது பொய்யில்லையே என்று ஒரு மனம் வாதாடியது. எழுந்து ஜன்னல் வரை போய் வந்தார். கடைசியில், ‘அந்த வீடு மிகவும் சுத்தமான வீடு. என் கோபத்தில் அப்படி எழுதிவிட்டேன். உணவு குறித்து வேண்டியதை அடுப்படிக்குப் போய்ச் சொல்லாதது என் பிழை. நோயுற்ற என் மனைவியை அந்த அம்மாள் தாயைப் போலப் பார்த்துக்கொண்டார்’ என்று அடித்து, கீழே தன் முழுப் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் போட்டார். முதல் தாளில் பெயர் போடாமல் விட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஜாகாவிடமும் போனார். அந்த அம்மாள் வந்தால் மரியாதையாக உட்காரவை என்றார். ஜாகா குழம்பினார். "நீங்கள் சொல்லித்தானே விரட்டினேன்?" "ஆமாம். நான் சொன்னதுதான் தப்பு." ஜாகா தாடியைத் தடவினார். வயதான பெண்ணைத் தடி காட்டி விரட்டியது தனக்கும் பிடிக்கவில்லை என்றார்.

சிங்கப்பூர்க்காரர் பதில் போட்டார்: புதுத் தாள் கிடைத்தது, ஆனால் பழையதை எத்தனை பேர் பிரதி எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கே தெரியாது. சிரம்பானிலிருந்து பதில் இல்லை. மாற்றலாகி வந்த வாத்தியாரை அவர் நேரில் தேடிப் போய்ப் பார்த்தார். புக்கிட் காதில் பக்கம் வேறு வீடு கிடைத்துவிட்டது, இனி மாற முடியாது என்று வாத்தியார் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் வாசலிலேயே நிற்க வைத்துச் சொன்னார்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கலியாணசுந்தரம் கம்போங் செட்டிக்குப் போனார். படிக்குக் கீழே நிற்பார். கோகிலா வெளியே வந்து முன் வராந்தாவில் உட்காருவாள். பேசுவார்கள். மீனாச்சி அம்மாள் அவரைத் தாண்டிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போவார். இருக்கிறார் என்றோ இல்லை என்றோ முகத்தில் தெரியாது. கோகிலா தேறிவந்தாள். அவளும் அம்மாளும் கையையும் கண்ணையும் வைத்து என்னென்னவோ பேசிச் சிரித்தார்கள். அவளுக்கு முப்பது மலாய் வார்த்தை வந்துவிட்டது. அவருக்குப் பத்து மாதத்தில் ஐந்து.

மெர்டேக்கா அன்று ஊர் முழுக்கக் கொடி. ஆலைக்கு விடுமுறை. கோகிலாவும் மீனாச்சி அம்மாளும் தெருப்பெண்களோடு ஊர்வலம் பார்க்கப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கலியாணசுந்தரம் கூட்டத்தில் அவர்களைத் தேடினார். தூரத்தில் ஒரு தடவை கோகிலாவின் பச்சைப் புடவை தெரிந்தது, எட்டுவதற்குள் மறைந்தது. எல்லோரும் கத்தினார்கள். அவரும் கத்தினார், எதற்கென்று தெளிவில்லாமல். திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருந்தது.

மறு வாரம் கோகிலா சொன்னாள். "மீனாச்சி அக்காகிட்ட பேசியிருக்கேன், நீங்களும் இங்க வந்து இருக்கிறதைப் பத்தி."

"என்ன சொன்னாக?"

"யோசிக்கேன்னாக. மூணு நாள் யோசிச்சாக." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சத்தம் போடக் கூடாது. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லணும். அவுக முகத்தைப் பாத்துச் சொல்லணும். இதெல்லாம் நான் கேட்டு வாங்கினது இல்ல, அவுகளே கருணாகரனை வச்சுச் சொன்னது."

"சரி."

"தெருக்காரங்க முன்னால வச்சுத்தானே கத்தினீக? அவுக எல்லாரும் பாக்குறப்பதான் வரணுமாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள் கடைக்காரன் நிற்கச் சொன்னான். அவர் நிற்கவில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, குடையில்லாமல், காஜா பெராங் சாலையைக் கடந்து குறுகலான வழியில் நுழைந்தார். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஆட்கள் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவரைப் பார்த்தார்கள். ஒரு பெண் இன்னொருத்தியை இடித்துக் காட்டினாள்.

படிக்குக் கீழே போய் நின்றார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மியில் எதையோ அரைக்கும் சத்தம் கேட்டது. கூப்பிடலாம் என்று வாய் வரை வந்தது. பெட்டியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். மழைத்தண்ணீர் சட்டைக்குள் ஓடியது. கால் பரபரத்தது. நின்றார்.

அம்மிச் சத்தம் நின்றது. பிறகு மீனாச்சி அம்மாள் கதவைத் திறந்து, அவரைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்து, செருப்பை எங்கே கழற்ற வேண்டும் என்று விரலை நீட்டிக் காட்டினார்.